தெருவிளக்குக்கு ஒரு மூடி

காட்பாடியில் எங்கள் தெருவுக்கு வெள்ளை எல்இடி விளக்குகள் வந்துவிட்டன. ராத்திரி வேலை முடிந்து வரும் பெண்களுக்கு வெளிச்சம் வேண்டும், சரி. ஆனால் அதில் ஒரு பங்கு மேலேதான் போகிறது. மார்கழியில் மகளுக்குக் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைக் காட்ட மொட்டை மாடிக்குப் போனேன். ஒன்றுமே தெரியவில்லை, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளை எல்இடியில் நீல ஒளி அதிகம். நீலம் காற்றில் அதிகம் சிதறும். பகலில் வானம் நீலமாகத் தெரிவதும் அதனால்தான். ராத்திரியில் அப்படிச் சிதறும் வெளிச்சம் வானத்தை வெளுக்க வைத்து நட்சத்திரங்களை மறைத்துவிடுகிறது. பழைய மஞ்சள் சோடியம் விளக்கில் இந்தத் தொல்லை குறைவு.

நம் ஜவ்வாது மலையில், காவலூரில், 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. 1977இல் யுரேனஸின் வளையங்கள் தெரியவந்தபோது காவலூரிலிருந்தும் கவனித்தார்கள். அந்த வானத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஆறு நட்சத்திரம் பார்க்க முடியவில்லை.

விளக்குக்கு மேல் ஒரு மூடி, கொஞ்சம் மஞ்சள் வெளிச்சம். மனு எழுதிவிட்டேன், திங்கட்கிழமை கொடுக்கிறேன்.