கடைப் பொடியன்

இங்கிலாந்தின் லெஸ்டருக்குக் குடிவந்த முதல் குளிர்காலம். குப்பை வாளியை எந்தக் கிழமை வாசலில் வைப்பது என்று கேட்கத்தான் பக்கத்து வீட்டுக் கிழவரிடம் போனேன். அவர் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, துளைகள் நிறைந்த ஒரு பலகையை மேசையில் எடுத்து வைத்தார். கிரிபேஜ் என்ற சீட்டு விளையாட்டு. புள்ளி சேரச் சேர ஒரு சின்னக் குச்சியைத் துளை துளையாக நகர்த்தி 121க்குப் போகவேண்டும். அதன் பிறகு ஞாயிறு பின்னேரங்கள் அங்கேதான்.

ஒருநாள் நான் கட்டை வெட்ட, அவர் மேல் சீட்டைத் திருப்பினார். ஜாக். "நேவ்!" என்று சொல்லித் தனக்கு 2 புள்ளி ஏற்றிக்கொண்டார். கடற்படையைச் சொல்கிறாரோ என்று முழித்தேன். பேப்பர் ஓரத்தில் எழுதிக் காட்டினார். முன்னால் ஒரு 'கே' நின்றது. நான் அதையும் விடாமல் "க்னேவ்" என்று வாசிக்க, மனுசன் இருமும்வரை சிரித்தார். அயோக்கியன் என்று அர்த்தமாம். இப்போது யாரும் அப்படித் திட்டுவதில்லை, சீட்டுக்கட்டிலும் பழைய கதைகளிலும்தான் அந்தச் சொல் மிச்சம் என்றார்.

வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தேன். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வெறும் 'பொடியன்'. ஜெர்மன்காரர் வைத்திருக்கும் 'க்னாபெ' இதன் உறவுதான், அது இன்னும் பொடியனாகவே இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் பொடியன் ஏவலாளாகி, ஏவலாள் அயோக்கியனாகிவிட்டான். நாங்கள் சினிமாவில் வாய் நிறையச் சொல்லும் 'வில்லன்' கதையும் இதுதான். ஆதியில் அவன் ஒரு பண்ணையாள்.

எனக்கு இதைப் புரிந்துகொள்ள அகராதி தேவைப்பட்டிருக்கக் கூடாது. அப்போது பெட்ரோல் நிலையம் ஒன்றில் இரவு வேலை. முதலாளி எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள். எனக்கு 41 வயது, தலையில் பாதி நரை. "கடையில பொடியன் நிக்கிறான்" என்றுதான் போனில் சொல்வார். அதில் கோபப்பட ஒன்றுமில்லை, யாழ்ப்பாணத்தில் எந்தக் கடையிலும் வேலைக்கு நிற்பவன் பொடியன்தான். ஒருநாள் விடியப்புறம் கணக்கு முடிக்கும்போது கல்லாவில் 20 பவுண்ஸ் குறைந்தது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என் ஜாக்கெட் பொக்கற்றை ஒருதரம் பார்த்தார், பிறகு கமராவை ஓடவிட்டார். நான் சுரண்டிப் பார்க்கும் லாட்டரிச் சீட்டுகளைத் திரும்ப எண்ணினேன். முதல்நாள் மாலை அவரே விற்ற நாலு சீட்டு, ஐந்து பவுண்ஸ்படி, காசு கல்லாவுக்கு வரவில்லை. "ஓ, சரி சரி" என்றார். அவ்வளவுதான்.

அகராதியில் பல நூற்றாண்டு எடுத்த வேலை, அந்தக் கடையில் ஒரு காலைக்குள் முடிந்தது.

சீட்டில் இவன் பெயர் நேவிலிருந்து ஜாக் என்று மாறியதற்கு ஒரு காரணம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் சீட்டின் மூலையில் எழுத்து அச்சடிக்க வந்தபோது, ராஜாவுக்கு 'கே', இவனுக்குக் 'கே என்' என்று போட்டால் கையில் விரித்துப் பிடிக்கையில் குழம்பும். ஜாக்கின் 'ஜே' அந்தச் சிக்கலைத் தீர்த்தது. ஆனால் ஜாக் என்பது அப்போது கீழ்த்தட்டுப் பேச்சு. 1861இல் தொடராக வந்து முடிந்த டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில், ஏழைப் பையன் ஜாக் என்று சொல்லிவிட்டான் என்றே பணக்கார வீட்டுப் பெண் அவனை நக்கலடிக்கிறாள். அயோக்கியன் என்றால் நாகரிகம், ஜாக் என்றால் பட்டிக்காடு!

அடுத்த மாதம் கிழவரை எங்கள் வீட்டுக்கு அழைத்து 304 என்ற எங்கள் ஊர்ச் சீட்டாட்டத்தைப் பழக்கினோம். மனைவி, மச்சான், நான், அவர். ஒரு சாதியில் ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. கூட்டினால் 76. நாலு சாதிக்கும் 304. கிழவர் பேனையால் கூட்டிப் பார்த்தார். கணக்குச் சரி, ஒழுங்குதான் அவருக்கு ஒத்துவரவில்லை.

"ராஜாவுக்கு மூன்றுதானா?"

"மூன்றுதான்."

அவர் நம்பாமல் ஆட்டின் (ஹார்ட்ஸ்) ராஜாவை இறக்கினார். நான் அதே சாதிப் பொடியனைப் போட்டுச் சீட்டுகளை அள்ளினேன். "யூ நேவ்" என்றார் கிழவர், வடையைக் கடித்துக்கொண்டே.