நவம்பரில் பிராம்ஸ்

ஜேர்மனியில் நவம்பர் செத்தவர்களின் மாதம். 1ஆம் திகதி கத்தோலிக்கர் கல்லறைகளில் சிவப்பு விளக்கு வைப்பார்கள். மாதக் கடைசியில், கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் அட்வென்ட் காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு, புரட்டஸ்தாந்துகளின் இறந்தோர் ஞாயிறு வரும். 1816இல் பிரஷ்ய அரசர் ஏற்படுத்தியது. அதை ஒட்டி ஊரூராகத் தேவாலயங்களில் ரெக்வியம், அதாவது இறந்தவர்களுக்கான பூசையின் இசை, பாடுவார்கள், டிக்கெட் விற்று. வந்த புதிதில் எனக்கு இது விளங்கவே இல்லை. யாரும் சாகாமல் ஒரு செத்தவீடா?

மொழி வகுப்பு ஆசிரியை, பாட்டுக்குழுவில் சேர்ந்தால் டொச், அதுதான் ஜேர்மன் மொழி, தானாக வரும் என்றார். சேர்ந்தேன். நோட்ஸ் வாசிக்கத் தெரியாது. பெண்களின் தாழ்ந்த குரலான ஆல்ட்டோ வரிசையில் பக்கத்தில் இருந்த அம்மாவின் தொண்டையைக் கேட்டுப் பாடினேன். அந்த வருடம் எடுத்தது ஜேர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் 'ஜேர்மன் ரெக்வியம்'.

வழமையான லத்தீன் ரெக்வியம் போனவருக்காக மன்றாடுவது. நித்திய இளைப்பாற்றியைக் கேட்பது, நடுவிலே நியாயத்தீர்ப்பு நாளைச் சொல்லி உலுக்குவது. மொசார்ட் 1791இல் அதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனார். 'லாக்ரிமோசா' என்ற பகுதி எட்டுத் தாளக்கட்டோடு நிற்க, அவருடைய உதவியாளர் சுஸ்மையர் எழுதி முடித்தார். பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரே அந்த நியாயத்தீர்ப்புப் பகுதியை ஏறக்குறைய முழுவதும் விட்டுவிட்டு ஒரு தாலாட்டுப் போல எழுதினார். அழகுதான், எனக்குச் சற்று இனிப்பு அதிகம்.

பிராம்ஸ் பூசையின் லத்தீனையே தொடவில்லை. லூதர் ஜேர்மனில் மொழிபெயர்த்த பைபிளில் தனக்கு வேண்டிய வசனங்களைத் தானே பொறுக்கினார். 'துயரப்படுகிறவர்கள் பாக்கியவான்கள்' என்று தொடங்குகிறார், அதாவது மிஞ்சி இருப்பவர்களிடம் பேசுகிறார். அந்த முதல் பகுதியில் வயலின்களே இல்லை. வயலினைவிடத் தாழ்ந்த குரலுள்ள வியோலாவும் செல்லோவும் கீழே ஊர்ந்து வரும். கிறிஸ்துவின் பெயரும் எங்கும் இல்லை. 1868 பெரிய வெள்ளியன்று பிரேமன் பேராலயத்தில் அரங்கேறியபோது இது அங்கிருந்தவர்களுக்கு உறுத்தி, ஹெண்டலின் 'மெசாயா'விலிருந்து ஒரு பாட்டை இடையில் சேர்த்தார்கள்.

இரண்டாம் பகுதிதான் ஒத்திகையில் எங்களைப் பிழிந்தது. மாம்சமெல்லாம் புல்லைப்போல என்று எல்லோரும் ஒரே குரலில், கிட்டத்தட்ட முணுமுணுப்பாகப் பாடவேண்டும். அடியில் டிம்பனி என்ற முரசு விடாமல் தட்டும். தாளம் மூன்று, நடையோ பிரேதத்துக்குப் பின்னால் போகிற நடை. இரண்டு காலை வைத்துக்கொண்டு மூன்றுக்கு எப்படி நடப்பது? பிறகு அதே வரி முழுத் தொண்டையில் திரும்பி வரும். பக்கத்து அம்மாவின் கழுத்து நரம்பு புடைக்கும். கணவரின் அடக்கத்தில் கண்ணைத் துடைக்கக்கூடக் கை தூக்காத மனுஷி அவர். இங்கே அடக்கங்களில் யாரும் வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை. அந்த அழுகையெல்லாம் செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்கு வருகிறது என்று எனக்கு அப்போது பட்டது.

யாழ்ப்பாணத்துச் சைவச் செத்தவீட்டில் திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் என்ற வாசனைப் பொடி இடிப்பார்கள். மாணிக்கவாசகர் அதைச் சாவுக்கென்று எழுதவில்லை. 'முத்துநல் தாமம்பூ மாலை தூக்கி' என்று கலியாணவீடு மாதிரித்தான் தொடங்கும். பெரியம்மாவின் செத்தவீட்டைக் கைபேசியில் பார்த்தேன். இணையம் விட்டுவிட்டு வந்ததில் பாட்டு அறுந்தது, உலக்கைச் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு பிராம்ஸின் ஐந்தாம் பகுதியைப் பாடுவது லேசாக இருக்கவில்லை. தாய் தேற்றுவதுபோல் உங்களைத் தேற்றுவேன் என்று வருவது அதில்தான். பிராம்ஸின் தாய் 1865இல் இறந்தவர். பிரேமன் அரங்கேற்றத்துக்குப் பிறகே இந்தப் பகுதியைச் சேர்த்தார். முழுதாக ஏழு பகுதியும் 1869இல் லைப்சிக்கில்தான் கேட்டது.

அடுத்த நவம்பருக்கு இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டி என்று முடிவாகிவிட்டது. எழுத்தாளர் மன்சோனியின் முதலாம் ஆண்டு நினைவுக்கு 1874 மே 22 மிலானில் பாடிய ரெக்வியம். அதில் நியாயத்தீர்ப்பு நாளுக்குப் பெரிய மேளம் வேண்டும். தோலை நன்றாக இறுக்கி, அடி வறட்சியாக, உரக்க விழவேண்டும் என்று வெர்டியே குறித்திருக்கிறார். பறைமேளச் செத்தவீடுகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது கொஞ்சம் ஆவலாகவே இருக்கிறது. மேளத்துக்கு ஆள் தேடுகிறார்கள். இசைப்பள்ளியில் தாளவாத்தியம் படிக்கிற எங்கள் பெடியன் ஒருவனின் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.