அவர் டாம்பாவில், நான் எடிசனில்: வரி தாக்கல் செய்து முடித்த கதை

2023 முழுக்க என் கணவர் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், டாம்பாவில். நான் நியூ ஜெர்சியில், எடிசனில் அக்கா வீட்டில். அவர் சம்பளம் 72,000 டாலர், எனக்கு 78,000. ஃபுளோரிடாவில் மாநில வருமான வரியே கிடையாது. என் சம்பளத்துக்கு மட்டும் நியூ ஜெர்சிக்குக் கட்டினால் போதும் என்றுதான் நினைத்திருந்தோம்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, வரி தாக்கல் செய்து தருபவர் ஒருவரிடம் போனேன். கணவருடைய டபிள்யூ-2 (கம்பெனி தரும் ஆண்டுச் சம்பளச் சான்று) பழைய வீட்டு முகவரிக்குப் போய்விட்டதால் அன்று வந்த வழியே திரும்பினேன். அடுத்த சனிக்கிழமை கம்பெனி தளத்திலிருந்தே இறக்கி எடுத்துப் போனேன். ஃபெடரல் கணக்கு, அதாவது மத்திய அரசுக்கான வரிக் கணக்கு, இருவருக்கும் சேர்த்துப் பத்து நிமிடத்தில் முடிந்தது. அப்புறம் மாநிலப் பக்கம் திறந்தது. நான் இன்னும் 2,400 டாலர் கட்ட வேண்டுமாம்.

"என் கணவர் நியூ ஜெர்சியில வேலையே பார்க்கலையேங்க?" என்றேன்.

"ஃபெடரல்ல ஜாயின்ட்னா ஸ்டேட்லயும் ஜாயின்ட்தாம்மா. வேற வழி இல்ல." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லிவிட்டு, கையெழுத்துக்குத் தாளை நீட்டினார். நான் போடவில்லை. பார்த்த வேலைக்கு என்று 200 டாலர் வாங்கிக்கொண்டுதான் விட்டார். இன்னும் வயிறு எரிகிறது.

அன்று இரவே நியூ ஜெர்சி மாநில வருமான வரிக்கான என்ஜே-1040 படிவத்தின் விளக்கக் கையேட்டைப் பிரித்து உட்கார்ந்தேன். தாக்கல் நிலை (தனியாகவா, சேர்ந்தா என்பது) பற்றிய பகுதியிலேயே தெளிவாகப் போட்டிருக்கிறது: ஆண்டு முழுக்க ஒருவர் நியூ ஜெர்சிவாசியாகவும் மற்றவர் வெளி மாநிலத்தவராகவும் இருந்தால், ஃபெடரலில் சேர்ந்து தாக்கல் செய்திருந்தாலும் இங்கே இருப்பவர் மாநிலத்துக்குத் தனியாகத் தாக்கல் செய்யலாம். சேர்ந்தே செய்தால் இருவரையும் நியூ ஜெர்சிவாசிகளாக வைத்து மொத்த வருமானத்துக்கும் வரி போடுவார்கள். 'ஆண்டு முழுக்க' என்பதுதான் முக்கியம். அவர் 2022 டிசம்பரிலேயே டாம்பாவுக்குக் குடிபோய்விட்டார். பிப்ரவரியில் போயிருந்தால் இந்த விதி எங்களுக்குப் பொருந்தியிருக்காது. வாடகை ஒப்பந்தம், ஃபுளோரிடா ஓட்டுநர் உரிமம், கரண்ட் பில் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறேன். நீங்களும் வையுங்கள்.

தெரிந்த ஒருவர், "அப்போ ஃபெடரலையும் தனித்தனியா போட்டுடுங்க" என்றார். தயவுசெய்து கணக்குப் பார்க்காமல் அதைச் செய்யாதீர்கள். என் கணவர் டாம்பாவில் பகுதிநேரமாக எம்.எஸ். படிக்கிறார். கட்டிய 6,000 டாலர் ஃபீஸுக்கு 1,200 டாலர் கல்வி வரிச் சலுகை கிடைத்தது. ஃபெடரலில் தனித்தனியாகப் போனால் அது மொத்தமும் போய்விடும்.

வரி தாக்கல் மென்பொருளோடு மல்லுக்கட்டியதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. ஃபெடரலில் 'சேர்ந்து' என்று கொடுத்தால் மாநிலத்துக்கும் அதையே எடுத்துக்கொள்கிறது. கடைசியில், எனக்கு மட்டும் தனியாக ஒரு மாதிரி ஃபெடரல் கணக்கு போட்டு, அதை எங்கும் அனுப்பாமல், அதிலிருந்து என்ஜே-1040 மட்டும் எடுத்தேன். இதற்கு இணையத்தில் நிரப்பும் பதிப்பு சரிப்படவில்லை, கணினியில் நிறுவும் பதிப்பு வாங்கினேன். இருவர் பெயரிலும் உள்ள வங்கிக் கணக்கின் வட்டி 640 டாலர். அதில் பாதி, 320 மட்டும் என் கணக்கில். தனியாகத் தாக்கல் செய்தாலும் அவர் பெயரும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் அந்தப் படிவத்தில் கேட்கிறார்கள், விட்டுவிடாதீர்கள்.

கடைசித் திரையில் 'திரும்பப் பெற வேண்டியது 211 டாலர்' என்று வந்தது. உடனே அவரை வீடியோவில் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். "திரும்ப ஒரு தடவை கூட்டிப் பாரு" என்றார். கூட்டினேன், அதே 211.

ஃபெடரலை மின்வழியில் அனுப்பிவிட்டோம். மாநிலப் படிவத்தை அச்செடுத்து, டபிள்யூ-2 நகலை இணைத்து, ஏப்ரல் 9 அன்று தபால் நிலையத்தில் சர்டிஃபைடு மெயிலில் ட்ரென்டனில் இருக்கும் மாநில வரித்துறைக்கு அனுப்பினேன். ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தேன், தேவைப்படவில்லை. ஜூன் கடைசியில் அக்கா வீட்டுத் தபால் பெட்டிக்கு 211 டாலர் காசோலை வந்து சேர்ந்தது.