சிவப்புக் கொடி ஏறியிருக்கிறது, இப்போது எந்தப் பக்கம் போவது?

கடலோரச் சுடுதளத்தில் சிவப்புக் கொடி ஏறினால், கடலை நோக்கிச் சுடும் பயிற்சி நடக்கிறது என்று பொருள். சிறு படகில் உட்கார்ந்திருப்பவரின் கண் தண்ணீர் மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் தொடுவானம் நான்கு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். 12.7 மில்லிமீட்டர் கனரக இயந்திரத் துப்பாக்கியின் குண்டோ ஆறரை கிலோமீட்டருக்கு மேலும் போகக்கூடியது. "சுற்றிலும் யாரையும் காணோமே, யார் சுடப் போகிறார்கள்?" என்று கேட்கும் படகோட்டிகளிடம் இந்த இரண்டு எண்களைத்தான் முதலில் சொல்வேன். சுடுபவர் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், உங்கள் படகும் அவருக்குத் தெரியாமல் போக நிறைய வாய்ப்பு உண்டு.

கடலோரச் சுடுதளம் ஒன்றின் காவல் படகில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். காவல் படகு என்றதும் பீரங்கியோடு கற்பனை செய்துகொள்ள வேண்டாம். எங்களிடம் இருந்தவை ஒரு ரேடார், இரண்டு வானொலிகள், பைனாகுலர், தொண்டை கட்டிப்போனால் உதவும் ஓர் ஒலிபெருக்கி, அவ்வளவுதான். சுடும் நேரம் தொடங்குமுன் அபாயப் பகுதிக்குள் படகு எதுவும் இல்லை என்று பார்த்துச் சொல்வதும், நடுவில் யாராவது நுழைந்தால் பேசி வெளியே அனுப்புவதும் எங்கள் வேலை. ராணுவத்தின் மேல் கோபமாக இருப்பவர்கள் அதை முதலில் கொட்டுவது எங்கள் மேல்தான்.

அவர்கள் கேட்கும் கேள்விகளில் நியாயமானது ஒன்று: "சுடுவதற்கான இலக்குப் பலகை கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எதற்காக இத்தனை மைல் தொலைவுக்குக் கடலை அடைக்கிறீர்கள்?" தண்ணீரில் விழுந்த குண்டு மூழ்கிவிடும் என்ற நம்பிக்கையில் வரும் கேள்வி இது. செங்குத்தாக விழுந்தால் மூழ்கும். தாழ்ந்த கோணத்தில் வந்து தொட்டால், குளத்தில் எறிந்த ஓட்டாஞ்சில்லு போலத் தத்தி எழும். எழும்போது திசையும் மாறும். பக்கவாட்டில் எவ்வளவு விலகும் என்பதைத் துல்லியமாகக் கணிக்க முடியாது என்பதால்தான், அபாயப் பகுதி இலக்கோடு நிற்காமல் அதற்கப்பால் விசிறிபோல் விரிகிறது. கடல் வரைபடத்தில் நீங்கள் பார்க்கும் மெஜந்தா நிறக் கோட்டுக்குள் இந்தக் கணக்கெல்லாம் அடங்கியிருக்கிறது. கோட்டின் ஓரமாக, உள்ளே ஓரிரு நூறு மீட்டர் தள்ளிப் போனால் என்ன என்று பேரம் பேச அது சந்தைக் கடை இல்லை.

காதை நம்பலாம் என்பதும் தவறு. துப்பாக்கிக் குண்டு புறப்படும்போது ஒலியைவிட வேகமாகப் போகிறது. வெடிச்சத்தம் பின்னால்தான் வந்து சேரும். எதிர்க்காற்றில், இயந்திரம் உறுமிக்கொண்டிருக்கும் படகில், அதுவும் கேட்காது.

அறிவிப்பு எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓட்டை இருப்பது அங்கேதான். உலகக் கடல்களை 21 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாட்டை ஒருங்கிணைப்பாளராக வைத்து, கடற்பயண எச்சரிக்கைகளை வெளியிடுகிறார்கள். இந்தியாவைச் சூழ்ந்த எட்டாம் பகுதிக்குப் பொறுப்பு இந்தியா. வேலை டேராடூனில் உள்ள தேசிய நீரளவை அலுவலகத்தின் வழியே நடக்கிறது. கரையோர எச்சரிக்கைகள் நாவ்டெக்ஸ் கருவியில் 518 கிலோஹெர்ட்ஸில் எழுத்தாக வந்துவிழும். படகுகள் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். வானொலியில் 16ஆம் அலைவரிசையில் அழைத்து, வேறு அலைவரிசைக்கு மாறச் சொல்லி வாசிப்பார்கள். பெரிய கப்பலுக்கு இது போதும். எச்சரிக்கைகளை வாங்கும் கருவி அங்கே கட்டாயம். ஒரே ஒரு ஆள் துடுப்புப் போட்டுப் போகும் படகில் நாவ்டெக்ஸ் எங்கே இருக்கும்? கைபேசியை நெகிழிப் பையில் சுற்றி மடியில் வைத்திருப்பவருக்கு 518 கிலோஹெர்ட்ஸ் என்றால் என்ன?

எச்சரிக்கையைக் கையில் வாங்கியவர்களும் நேரத்தில் இடறுகிறார்கள். 040230 என்று தொடங்கி 041130 என்று முடிந்தால், நான்காம் தேதி 02.30 முதல் 11.30 வரை என்று பொருள். ஆனால் அது பன்னாட்டுப் பொது நேரம். இந்திய, இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணியைக் கூட்டினால் காலை 8 முதல் மாலை 5 வரை. கூட்ட மறந்தவர், "பதினொன்றரைக்கு எல்லாம் முடிந்திருக்கும்" என்ற நிம்மதியோடு பயிற்சியின் நட்டநடுவில் நுழைவார். துறைமுகத்தில் ஒட்டும் தாளிலாவது உள்ளூர் நேரத்தைப் பெரிய எழுத்தில் போடுங்கள் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தவன் நான்.

அறிவிப்பு கடைசிப் படகுவரை போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கப் பேரேரிகள் நல்ல பாடம். 2006இல் அந்நாட்டுக் கடலோரக் காவல்படை, 7.62 மில்லிமீட்டர் இயந்திரத் துப்பாக்கிப் பயிற்சிக்காக ஐந்து ஏரிகளிலும் சேர்த்து 34 நிரந்தரப் பாதுகாப்பு வட்டாரங்களை அறிவிக்க முன்வந்தது. கரையிலிருந்து தள்ளியே இருக்கும், வானொலியில் முன்கூட்டிச் சொல்வோம் என்றார்கள். வானொலியே இல்லாத சிறு படகுகள் என்ன செய்யும் என்று மக்கள் கேட்டார்கள். ஏரித் தண்ணீரில் ஈயம் சேருவது பற்றியும் கேட்டார்கள். பொதுக்கூட்டங்கள் நடந்தன, எதிர்ப்பு வலுத்தது, அந்த டிசம்பரிலேயே திட்டம் திரும்பப் பெறப்பட்டது. பயிற்சி தேவையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வானொலி வைத்திருப்பவருக்கு மட்டும் சொல்லிவிட்டு எல்லோருக்கும் சொன்னதாகக் கணக்குக் காட்டினால் மக்கள் நம்ப மாட்டார்கள். நம்பாததில் தவறும் இல்லை.

நாட்டுக்கு நாடு சட்டமும் வேறு. பிரிட்டனில் பெரும்பாலான கடல் சுடுதளங்களில் படகு கடந்துபோகும் உரிமையைப் பறிப்பதில்லை. பகுதி காலியாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு சுட வேண்டியது சுடுபவரின் பொறுப்பு. தென்கரையில் உள்ள லல்வொர்த் சுடுதளத்தில் பயிற்சி நடக்கும்போது பகலில் சிவப்புக் கொடியும் இரவில் மின்னும் சிவப்பு விளக்கும் காட்டுவார்கள். காவல் படகு வந்து, தயவுசெய்து சுற்றிப் போங்கள் என்று கேட்கும். அமெரிக்காவில் கதை வேறு. வட கரோலினாவின் கேம்ப் லஜூன் தளத்தின் ஊடாக, கடலுக்கு இணையாக ஓர் உள்நாட்டு நீர்வழி போகிறது. விளக்கு மின்னினால் சுடுகிறார்கள், நில் என்று அங்கே பலகையே வைத்திருக்கிறார்கள். நின்றாக வேண்டும், மீறினால் குற்றம். ஆகவே புதிய நீர்ப்பகுதிக்குப் படகு கொண்டு போகிறவர், கொடியின் நிறத்தைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது. அங்கே அது வேண்டுகோளா, ஆணையா என்பதையும் புறப்படுமுன் கேட்டுவிட வேண்டும்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் பிரிட்டன் முறைதான் பிடிக்கும். ஆனால் அதன் முழு பாரமும் கடலைப் பார்த்துக் காவல் காப்பவனின் கண்ணில் விழுகிறது. காலையில் சூரியன் தாழ்வாக இருக்கும்போது, அதன் நேர் கீழே தண்ணீர் வெள்ளித் தகடாகப் பளபளக்கும். அந்தப் பட்டைக்குள் இருக்கும் வெள்ளை நிற ஃபைபர் படகு கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ரேடாரும் கைவிடும், ஃபைபரும் மரமும் ரேடார் அலையைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. கடல் அலை கொஞ்சம் எழும்பினால் திரையில் படகும் நுரையும் ஒன்றுதான். அந்த நேரத்தில் நாங்கள் படகை நகர்த்தி, பட்டையைப் பக்கவாட்டிலிருந்து பார்ப்போம். எத்தனையோ முறை வலைமிதவையின் கறுப்புக் கொடியை மனிதத் தலை என்று சொல்லிச் சுடுவதை நிறுத்தியிருக்கிறோம். யாரும் திட்டியதில்லை. சுடுதளங்களில் இது ஒரு நல்ல வழக்கம்: தொடங்கு என்று சொல்ல ஓர் அதிகாரிக்குத்தான் உரிமை, நிறுத்து என்று சொல்ல ஆபத்தைக் கண்ட எவருக்கும் உரிமை உண்டு. ஒரு ரேடார் எதிரொளிப்பானைப் பாய்மரத்தில் உயர்த்திக் கட்டினால், ஆரஞ்சு நிறத் துணி ஒன்றை மேலே விரித்தால், எங்களைப் போன்றவர்களின் வேலை பாதியாகக் குறையும்.

தெரியாமல் உள்ளே வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பலரும் செய்வது, இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து நின்று சுற்றும்முற்றும் பார்ப்பது. மிதந்துகொண்டிருக்கும் படகு எந்தப் பக்கம் போகும் என்று சுடுதளத்துக்குத் தெரியாது. அது நகரும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான். வந்த வழியே திரும்புவதும் எப்போதும் சரியாக இருக்காது, ஒருவேளை நீங்கள் கடந்தது மூன்றில் இரண்டு பங்காக இருக்கலாம். 16இல் அழையுங்கள். படகின் பெயர், இருக்கும் இடம், போகும் திசை, வேகம், இந்த நான்கையும் சொல்லிவிட்டு, சொன்ன திசையையும் வேகத்தையும் மாற்றாமல் போய்க்கொண்டிருங்கள். சுடுதளத்தார் வேறு வழி சொன்னால் அதன்படி. வானொலி இல்லையென்றால், சுடும் திசைக்குக் குறுக்காக, அருகிலுள்ள ஓரத்தை நோக்கிப் போவது பொதுவாக நல்லது. பாய்மரப் படகு மணிக்கு நான்கு கடல் மைல் வேகத்தில் ஆறு மைல் அகலப் பகுதியைக் கடக்க ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பதை நினைவில் வைத்தால், "குறுக்கே ஓடிவிடலாம்" என்ற எண்ணம் தானாகவே போய்விடும்.

இரவில் இன்னொரு குழப்பம் உண்டு. பயிற்சியில் ஏவும் வெளிச்சக் குண்டு பாராசூட்டில் தொங்கி வெண்மையாக எரிந்தபடி மெதுவாக இறங்கும். யாரோ ஆபத்தில் இருக்கிறார்கள் என்று அதை நோக்கிப் படகைத் திருப்பிய நல்ல மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். ஆபத்துக்கான பாராசூட் ஒளி சிவப்பு. சந்தேகம் இருந்தால் கடலோரக் காவல்படையைக் கேளுங்கள், நேரே ஓட்டாதீர்கள்.

கொடி இறங்கிய பிறகும் சுடுதளக் கடலின் அடித்தரை சும்மா இருப்பதில்லை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள அபர்தீன் ஆயுதச் சோதனைத் தளத்தை ஒட்டிய நீர்ப்பகுதியில், சுடாத நாட்களில் படகு விடலாம். ஆனால் அடித்தரையைத் தொடவோ கரையில் இறங்கவோ கூடாது, வெடிக்காத குண்டுகள் புதைந்து கிடப்பதே காரணம். அவை பழசாகிப் போனால் செத்துவிடும் என்பது பொய். 2005இல் டச்சு மீன்பிடிப் படகு ஒன்றில், வலையில் ஏறிய இரண்டாம் உலகப் போர்க் குண்டு வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். 2020 டிசம்பரில் இங்கிலாந்தின் குரோமர் கரைக்கு அப்பால் நண்டுக் கூடுகளை இழுத்துக்கொண்டிருந்த படகின் கீழே பழைய குண்டு வெடித்து, படகு உருக்குலைந்து, ஆட்கள் படுகாயம் அடைந்தார்கள். துருவேறிய உருளை எதுவும் வலையில் வந்தால் தட்டிப் பார்க்காதீர்கள், பழைய இரும்புக்கு விலை போகும் என்று கரைக்கும் கொண்டுவராதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு உடனே கடலோரக் காவல்படைக்குத் தகவல் சொல்லுங்கள். படகில் ஏறிவிட்டதென்றால் அவர்கள் சொல்லும்வரை கை வைக்காமல், எல்லோரும் அதைவிட்டு எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி இருங்கள்.

இனி, நான் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் விஷயம். ஒருநாள் காலை, இயந்திர மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் எல்லைக்குள் மிதந்துகொண்டிருந்தார். கொடி பறக்கிறது ஐயா, வெளியே வந்துவிடுங்கள் என்றேன். கையிலிருந்த எண்ணெய்த் துணியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "கொடி நேற்றும் பறந்தது தம்பி. முந்தாநாளும் பறந்தது. ஒரு வேட்டுச் சத்தம் கேட்டதா? நீ கொடியைப் பறக்கவிடு, நான் மீனைப் பிடிக்கிறேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. முன்னெச்சரிக்கையாக ஐந்து நாளுக்கு அறிவிப்பு விடுவார்கள். முதல் நாள் மூடுபனி, பார்வை எட்டாததால் சுட மாட்டார்கள். அடுத்த நாள் வேறு காரணம். ரத்து என்ற செய்தி மட்டும் யாருக்கும் வராது. இரண்டு நாள் பிழைப்பைச் சும்மா விட்டவன் மூன்றாம் நாள் எதற்காக நம்ப வேண்டும்? சுடும் நாளைச் சொல்வது எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் சுடாத நாளைச் சொல்வது. அலுவலகத்தில் இதைச் சொன்னபோது, "ரத்து என்று சொல்லிவிட்டு மதியம் வானம் தெளிந்தால்?" என்று திருப்பிக் கேட்டார்கள். தெளிந்தால் நாளைக்குச் சுடுங்கள் என்றேன். சிரித்தார்கள்.

பல மாதம் கழித்து, படகுத்துறையில் ஒரு கரும்பலகை வந்தது. அன்றன்றைய நிலை, மாறினால் மாறிய நேரம், கீழே ஒரு தொலைபேசி எண். முதலில் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. பலகையில் எழுதியதும் கடலில் நடந்ததும் ஒத்துப்போவதைப் பார்க்கப் பார்க்க, விடியுமுன்னே எண்ணுக்கு அழைக்கத் தொடங்கினார்கள். எண்ணெய்த் துணிப் பெரியவரும் அழைப்பார். வணக்கம் எல்லாம் கிடையாது, "உண்டா, இல்லையா?" மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தொலைபேசியை எடுக்க இன்னும் ஆள் போடவில்லை. பொழுதுபோக்குப் படகுகள் அதிகம் வருவது அன்றைக்குத்தான் என்று எழுதி, படகோட்டிகளிடம் கையெழுத்து வாங்கி, ஒரு மனு கொடுத்திருக்கிறோம்.