கழுத்தெலும்பு சொல்லும் வயது

பல்லுக்குக் கிளிப் போட வரும் பிள்ளைகளின் கேஸ் ஷீட்டில் முதல் வரியிலேயே வயது இருக்கும். வேலைக்கு வந்த புதிதில் அந்த வரியை அப்படியே நம்பினேன்.

12 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். கீழ்த்தாடை உள்ளடங்கி, மேல்வரிசைப் பற்கள் உதட்டுக்கு வெளியே தெரிந்தன. "பரீட்சை முடியட்டும் டாக்டர், அப்புறம் ஆரம்பிக்கலாமே" என்றார் அவள் அம்மா. 12 வயதுதானே என்று நானும் சரி சொல்லிவிட்டேன். எட்டு மாதம் கழித்து ட்வின் பிளாக் கொடுத்தோம்; வளரும் பிள்ளைகளின் கீழ்த்தாடையை முன்னே கொண்டுவரப் போடும் கழற்றக்கூடிய கருவி அது. பாவம், சாப்பிடும்போதுகூடக் கழற்றாமல் போட்டாள். பற்கள் நகர்ந்தன, தாடை நான் நினைத்த அளவு முன்னே வரவில்லை.

அவளுக்கு முதல் நாள் எடுத்த செஃபலோகிராமை, அதாவது தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரேயை, மறுபடி விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். தாடைக் கோணங்களை மட்டும் அளந்துவிட்டு மூடிவைத்த படம் அது. ஓரத்தில் கழுத்து முள்ளெலும்புகள் தெளிவாக இருந்தன. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அடிவிளிம்பு உள்வாங்கிக் குழிந்திருந்தது. நான்காவதில் இன்னும் தட்டையாகவே இருந்தது. இந்த எலும்புகளின் வடிவத்தை வைத்து வளர்ச்சியை ஆறு நிலைகளாகப் பிரிப்போம்; இது மூன்றாவது. தாடை வேகமெடுத்து வளர்வது இதற்கு அடுத்த ஓராண்டுக்குள்தான். அதில் எட்டு மாதத்தை நான் பரீட்சைக்குக் கொடுத்திருந்தேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அன்றிலிருந்து கோணங்களுக்கு முன்னால் கழுத்தைத்தான் பார்க்கிறேன். ஏற்கெனவே எடுத்த படம், கூடுதல் கதிர்வீச்சும் இல்லை. ஆனால் எல்லாப் படமும் தெளிவாகப் பேசாது. நான்காவது எலும்பின் விளிம்பு குழிந்திருக்கிறதா, நிழலா என்று திணறிய நாட்கள் உண்டு. ஒரே படத்தை ஒரு வாரம் கழித்துப் பார்த்து வேறு நிலை எழுதியும் இருக்கிறேன். அப்படிப்பட்ட நேரத்தில் மட்டும் மணிக்கட்டுப் படம் எடுக்கச் சொல்வேன்: கட்டைவிரல் அடியில் பயறு போன்ற சின்ன எலும்பு தோன்றிவிட்டதா, நடுவிரலின் நடு எலும்பில் அடிமுனைத் துண்டு தண்டின்மேல் தொப்பிபோலக் கவிந்திருக்கிறதா என்று பார்க்க.

கேட்க வேண்டியவையும் இருக்கின்றன. பெண் பிள்ளை என்றால் பூப்பெய்திவிட்டாளா என்று அவள் அம்மாவிடம் தனியாகக் கேட்பேன். பெரும்பாலும் அதற்குள் வளர்ச்சியின் உச்சம் கடந்திருக்கும். பையன்களுக்கு அந்த உச்சம் சராசரியாக இரண்டு ஆண்டு பிந்தி வரும்.

சில மாதம் முன்பு 13 வயதுப் பையன் ஒருவன் வந்தான். மூன்று எலும்புகளும் அடியில் தட்டை. உடனே தொடங்கச் சொல்லி அவன் அப்பா வற்புறுத்தினார். "கொஞ்சம் பொறுங்க சார், இவன் இன்னும் வளரவே ஆரம்பிக்கல" என்று சொல்லி, உயரத்தை அளந்து குறித்துக்கொண்டு அனுப்பினேன். நான்கு மாதம் கழித்து நேற்று வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கச் சொன்னேன். 3 செ.மீ. ஏறியிருந்தான். புதுப் படம் எடுக்க எழுதிக் கொடுத்தேன்.