மழை நோட்டு

புரட்டாசி 22
மேக்கால இடி மட்டும். மழை இல்லை.

புரட்டாசி 23
விடிகாலையில் தூத்தல். மழையை உழவுக் கணக்கில்தான் அய்யன் சொல்வார். சத்தம் கேட்டதுமே அவர் கேட்டது ஒரே கேள்வி. "அம்மிணி, எத்தனை உழவு இருக்கும்?"

வாசலில் இறங்கிக் காலால் மண்ணைக் கிளறிப் பார்த்தேன். மேல் மண் மட்டும் கறுத்திருந்தது. "அரை உழவுகூட இல்லீங்கய்யா" என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நாலு விரலை மண்ணில் விட்டுப் பார்த்து மழையைச் சொன்ன மனுசன். அவருக்கு என் கண்கணக்கு பத்தாது.

புரட்டாசி 24
பேப்பரில் காங்கயத்துக்கு மழையளவு போட்டிருக்கிறது. அது காங்கயத்தில் பேஞ்ச மழை. கிழக்காலத் தோட்டத்து மாமன் காட்டில் ஓடை ஓடி, எங்கள் மேய்ச்சல் கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் காய்ந்து கிடந்த வருசம் எத்தனையோ. இந்தத் தோட்டத்து மழையை யாரும் எங்கேயும் எழுதி வைத்ததில்லை. நான் எழுதப்போகிறேன்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரவில்லை.

புரட்டாசி 25
மழைமானி செய்தாச்சு. இன்றைக்குப் பூரா அதே வேலை.

பாட்டிலை வெட்டி, மேல்பாதியைக் கவுத்து வைத்து, பக்கத்தில் ஸ்கேல் ஒட்டுவதைத்தான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செய்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. பாட்டிலின் அடி குழிவும் மேடுமாக இருக்கும், நடுவில் இடுப்பு வேறு சிறுத்திருக்கும். அதில் ஒரு சென்டிமீட்டர் நின்றால் அது ஒரு சென்டிமீட்டர் மழை ஆகாது. மேலே எவ்வளவு அகலத்தில் பிடிக்கிறோம், கீழே எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது, இந்த இரண்டும் தெரிந்தால் போதும், பாத்திரம் எந்த வடிவமாகவும் இருக்கட்டும்.

அட்டாலியில் சீமெண்ணெய் ஊற்றுகிற பழைய புனல் கிடந்தது. வாயைச் சுற்றி நூல் பிடித்து ஸ்கேலில் வைத்தேன். 35.5 செ.மீ. அப்படியானால் விட்டம் 11.3, பரப்பு கிட்டத்தட்ட 100 சதுர செ.மீ.! கை நடுங்கிவிட்டது. 100 சதுர செ.மீ. வாயில் விழுகிற ஒவ்வொரு மில்லிமீட்டர் மழையும் 10 மில்லி தண்ணீர். ஸ்கேலும் வேண்டாம், கோடும் வேண்டாம். மில்லியைப் பத்தால் வகுத்தால் மழை.

10 மில்லி சிரிஞ்சுக்கு இந்த வீட்டில் பஞ்சமா. அய்யன் கட்டிலுக்கடியில் டப்பா நிறைய இருக்கிறது. கஞ்சி கொடுத்த 50 மில்லியும் இருக்கிறது.

புனலுக்குக் கீழே ரெண்டு லிட்டர் பாட்டில். 200 மி.மீ. வரைக்கும் தாங்கும். எங்கள் ஊரில் ஒரே நாளில் அவ்வளவு பேய்ந்தால் பாட்டிலைப் பார்க்க எவனுக்கு நேரம் இருக்கும்.

புரட்டாசி 26
எங்கே வைப்பது என்று காலையிலிருந்து சுற்றினேன். தாவாரத்தண்ணி தெறிக்கக் கூடாது. தென்னைக்கடியில் வைத்தால் மட்டை பாதி மழையைத் தடுத்துக்கொள்ளும், மீதியைச் சொட்டி ஏமாற்றும். மரம் எவ்வளவு உயரமோ அதைப்போல் ரெண்டு மடங்காவது தள்ளி இருக்க வேணும். கடைசியில் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிக்குத் தெற்கால, கத்திரிச் செடிக்கும் கிளுவை வேலிக்கும் நடுவில் வெட்டவெளி கிடைத்தது. பிவிசி பைப்புத் துண்டைப் புதைத்து, பாட்டிலை உள்ளே இறக்கி, புனலை மேலே உட்கார வைத்தேன். வாய் தரையிலிருந்து ஒரு அடி. அதற்குக் கீழே போனால் மண்ணில் விழுந்து எழும்புகிற துளியும் சேர்ந்துவிடும். கொத்தனார் விட்டுப்போன ரசமட்டத்தை வாய்மேல் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நின்றது.

அய்யனுக்கு ஜன்னல் வழியாகத் தெரிகிற இடம். வேண்டும் என்றே.

புரட்டாசி 27
வெயில்.

புரட்டாசி 28
வெயில். 100 மில்லி ஊற்றி வைத்தேன், ஆவியாகிறதா என்று பார்க்க.

புரட்டாசி 29
அப்படியே இருந்தது. பைப்புக்குள் நிழல், புனல் ஓட்டையும் சிறுசு. நிம்மதி.

கால் மடக்கிவிட வருகிற தம்பி இன்றைக்கு வரவில்லை. நானே மடக்கினேன். அய்யன் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

போன் இல்லை.

ஐப்பசி 2
63 மில்லி! 6.3 மி.மீ.!

காலை 8.30-க்கு எடுத்தேன். வானிலை நிலையத்துக்காரர்கள் எடுக்கிற நேரமும் அதுதான். முந்தின நாள் 8.30-லிருந்து இன்றைக்கு 8.30 வரை ஒரு நாள் கணக்கு. 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பேய்ந்தால்தான் அவர்கள் அதை மழைநாள் என்று சேர்ப்பார்கள். எங்களுக்கு மழைநாள். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். எத்தனை உழவு?"

ஐப்பசி 3
இதே நினைப்பு. ஒரு உழவுக்கு எத்தனை மி.மீ.? போனில் அண்ணனிடம் கேட்டால், "மழையை விடு, டாக்டர் என்ன சொன்னாரு?" என்கிறான். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் சங்கதியே.

ஐப்பசி 6
சாயங்காலம் பிடித்த மழை நடுராத்திரி வரைக்கும். 220 மில்லி. 22 மி.மீ.

கொத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய் மூன்று இடத்தில் தோண்டினேன். ஈரம் எட்டு விரக்கடைக்கு, எட்டு விரல் அகலத்துக்கு, இறங்கியிருந்தது. அதற்குக் கீழே கோடு போட்ட மாதிரி வெளுத்த காய்ந்த மண். ஒரு கை மண்ணை அள்ளி வந்து அய்யன் உள்ளங்கையில் வைத்தேன். இடது கையால்தான் உருட்டினார். உருண்டை நின்றது. கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டினார், பொலபொலவென்று உதிர்ந்தது.

"ஏர் கட்டற பதம். ஒரு உழவு தாராளம்."

அப்புறம் தானாகவே பேச ஆரம்பித்தார். மேழி பிடித்துப் போகும்போது கொழு போகிற ஆழத்துக்கு ஈரம் இறங்கினால் ஒரு உழவாம். எங்கள் செம்மண்ணுக்கு இந்தக் கணக்கு. கரிசலாக இருந்தால் எச்சா பேயோணும், அது தண்ணியை மேலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். காய்ந்து கிடந்த மண்ணுக்கு ஒரு கணக்கு, ஏற்கெனவே நனைந்த மண்ணுக்கு ஒரு கணக்கு. அவ்வளவு நேரம் பேசியே நாளாயிற்று.

நான் நோட்டில் ரெண்டு கட்டம் போட்டேன். ஒன்றில் என் மி.மீ., இன்னொன்றில் அவருடைய உழவு.

22 மி.மீ. என்றால் ஏக்கருக்கு 89,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஏழுக்கு மேல். 2016-ல் மழை பொய்த்தபோது தென்னையைக் காப்பாற்ற லாரித்தண்ணி வாங்கினோம். வேரடியில் ஒவ்வொரு குடமாக அவர்தான் ஊற்றினார்.

ஐப்பசி 7
நரிப்பயிறு விதைக்கச் சொல்கிறார். யார் விதைக்க?

ஐப்பசி 8
மாமன் வந்து விதைத்துக் கொடுத்தார். "நீ மானிய பாரு அம்மிணி, காட்ட நான் பாத்துக்கறன்" என்றார். போகும்போது பஞ்சாங்கத்தில் இந்த வருசத்துக்கு எத்தனை மரக்கால் மழை போட்டிருக்கிறது என்று அய்யனும் அவரும் சத்தமாகப் பேசிக்கொண்டார்கள். அர்த்தசாஸ்திரத்திலேயே களஞ்சியத்துக்கு முன்னால் ஒரு முழ அகலத்தில் பாத்திரம் வைத்து மழையை அளக்கச் சொல்லியிருக்கிறது என்றேன். "பொறகு?" என்றார் அய்யன். அவ்வளவு ஆசையாகக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

ஐப்பசி 9
ராத்திரி காய்ச்சல். எதுவும் எழுதத் தோன்றவில்லை. மானியில் 0.

ஐப்பசி 10
மயில் வந்து புனல்மேல் உட்கார்ந்து சாய்த்துவிட்டது. பாட்டிலில் இருந்தது என்ன கணக்கென்று சொல்ல முடியாது. நோட்டில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். தெரியாத இடத்தில் 0 போடக் கூடாது, 0 என்றால் மழை பேயவில்லை என்று அர்த்தம். சுற்றிலும் கிளுவை முள் வெட்டி வைத்தேன், புனல் வாய்க்குக் கீழேயே நிற்கிற மாதிரி.

ஐப்பசி 11
காய்ச்சல் விடவில்லை. 0.

ஐப்பசி 12
போன் வந்தது. நாளன்னிக்குக் கூட்டி வரச் சொன்னார்கள். என்னத்துக்கு என்று சொல்லவில்லை.

அய்யன் கேட்டது: "அங்க போனா மழைய யாரு அளப்பா?"

ஐப்பசி 14
ராத்திரி ஊத்து ஊத்தென்று ஊத்தியது. ஆறு மணிக்கே டார்ச் அடித்துப் பார்க்கப் போனேன், எடுக்கவில்லை. 8.30 என்றால் 8.30. 50 மில்லி சிரிஞ்சில் எட்டு முறை, கடைசியாக ஒரு பத்து. 41 மி.மீ. தோண்டிப் பார்க்க நேரமில்லை, மாமன் தோண்டி போனில் சொல்கிறேன் என்றிருக்கிறார். சிரிஞ்சை அவர் கையில் கொடுத்து, பத்துக்கு ஒன்று என்று ரெண்டு தடவை சொன்னேன். நோட்டு என்னோடு வருகிறது. ரெண்டாவது கட்டத்தை அய்யன்தான் சொல்ல வேணும். நரிப்பயிறு முளை விட்டிருக்கிறது, வடக்கால ஓரத்தில் கொஞ்சம் விட்டுவிட்டு. அண்ணன் கார் வந்துவிட்டது. மாத்திரைப் பையை இன்னும்