பின்பனி

பெப்ரவரி 4

இன்றும் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரவில்லை.

பெப்ரவரி 5

இரவு முழுக்க ஸ்நோ. நான் எழும்ப முதலே அக்கா வாசலைத் தள்ளித் துப்பரவாக்கிவிட்டாள். பாரம் தூக்க வேண்டாமென்று அவர்கள் சொன்னது சுவருக்கா என்று கத்தினேன். "சும்மா இருந்தால் யோசினைதான் வரும்" என்றாள். சரி.

மத்தியானம் எழுத்தாளர் சுசன்னா மூடியின் புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். 1832இல் இங்கிலாந்திலிருந்து இங்கே, கனடாக் காட்டுக்கு வந்தவள். 1852இல் புத்தகம் போட்டபோது அந்தக் காட்டைச் சிறை என்றே எழுதினாள். குளிர், கடன், தீப்பிடித்த வீடு. அவளுடைய அக்கா கதரின் பார் ட்ரெயிலும் அதே வருடம்தான் வந்தாள். 1836இல் வந்த அவளுடைய புத்தகத்தில் மேப்பிள் சீனி காய்ச்சும் விதம் இருக்கிறது, பூக்கள் இருக்கின்றன. பெயர் தெரியாத பூவுக்குத் தானே ஒரு பெயர் வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறாள். இருவரும் கொஞ்சக் காலம் லேக்ஃபீல்ட் பக்கம் அயலவர்களாக இருந்தவர்கள். ஸ்காபரோவிலிருந்து காரில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஒரே காடு, ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர்.

எங்கள் வீட்டில் மூடி யார் என்று கேட்கத் தேவையில்லை.

பெப்ரவரி 9

"நீ பனியைப் படிக்கிறாய், நான் தள்ளுறன்." அக்கா, தேத்தண்ணி ஆற்றியபடி.

பெப்ரவரி 11

போன் இரண்டு தரம் அடித்தது. ஒன்று, காற்றோட்டக் குழாய் சுத்தம் செய்கிற ஆட்கள். மற்றது சின்னம்மா. மூச்சு வந்து போனது.

விமர்சகர் நோத்ரொப் ஃப்ரை 1965இல் சொன்னதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். கனடாக் கவிதையில் இயற்கையைப் பற்றி ஆழமான ஒரு பயம் இருக்கிறது, எழுதுகிறவர்கள் கோட்டைக்குள் ஒடுங்கிய மனத்தோடு வெளியே பார்க்கிறார்கள் என்றார். 1972இல் எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் அதை இன்னும் நீட்டினார். இந்த நாட்டு எழுத்துக்கு ஒரே சொல் சொல்வதென்றால் 'தப்பிப் பிழைத்தல்' என்றார். கதைகளில் உறைந்தும் மூழ்கியும் சாகிறவர்களை வரிசையாகக் காட்டினார். பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் கோட்டைக்கு வெளியே இருந்தவர்கள் என்ன நினைத்தார்கள்? அவர்களுக்கும் பயமா?

பெப்ரவரி 13

அக்கா சிரித்தாள்! எத்தனை நாளாயிற்று.

கவிஞர் றொபேட் சேவிஸ் பாட்டாக எழுதிய சாம் மெகீ கதையைத்தான் சொன்னேன். டென்னஸிக்காரன், எப்போதும் குளிர் குளிர் என்று புலம்புகிறவன், கனடாவின் வடக்கே யூக்கொனில் செத்துப்போகிறான். சிநேகிதன் வாக்குக் கொடுத்தபடி உடலை நாய்வண்டியில் இழுத்துப் போய், ஒரு பழைய கப்பலின் கொதிகலனுக்குள் வைத்து எரிக்கிறான். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து பார்த்தால் சாம் உள்ளே சுகமாக உட்கார்ந்திருக்கிறான். கதவைச் சாத்து, குளிர் வரும் என்கிறான்.

இதை எழுதியவர் தங்கம் தோண்டப் போனவரே இல்லை. வைற்ஹோர்ஸில் வங்கிக் கிளாக்கர். தங்க வேட்டை முடிந்து வருடங்களாகிவிட்டன. கவிதை 1907இல் வந்தது, தங்க வேட்டை நடந்த டோசன் நகரத்துக்கு அவர் போய்ச் சேர்ந்ததே 1908இல். பெயரையும் வங்கிக் கணக்குக்காரர் ஒருவரிடமிருந்து எடுத்துக்கொண்டார். அந்த மெகீ டென்னஸிக்காரரும் இல்லை, நம்முடைய ஒன்ராறியோக்காரர். வடக்கு என்றால் உலகம் இன்றைக்கும் இந்தக் கிளாக்கருடைய வடக்கைத்தான் நினைக்கிறது.

பின்னேரம் முழுக்க அக்கா, "கதவைச் சாத்தடி, குளிர் வரும்."

பெப்ரவரி 14

ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை.

பெப்ரவரி 18

நித்திரை இல்லை. இரண்டு மணிக்கு எழும்பி ஃபிராங்க்ளின் கதையை வாசித்தேன், வாசிக்கவே கூடாத நேரம். 1845இல் ஆர்க்டிக் கடலில் வழி தேடி அவர் கூட்டிப்போன இரண்டு கப்பல், 129 பேர், ஒருவரும் திரும்பவில்லை. 1854இல் ஆய்வுப் பயணி ஜோன் ரே, அந்த வடக்குப் பனிநிலத்துப் பூர்வகுடிகளான இனூயிட் மக்கள் தன்னிடம் சொன்னதை லண்டனுக்குத் தெரிவித்தார். பட்டினியால் செத்தார்கள், கடைசியில் செத்தவர்களைத் தின்றார்கள். சார்ள்ஸ் டிக்கின்ஸ் தன் பத்திரிகையில் அதை மறுத்து எழுதினார். ஆங்கிலேய மாலுமி அப்படிச் செய்யமாட்டான், காட்டுமிராண்டிகளின் பேச்சை நம்பலாமா என்பதுதான் சாரம். பிறகு கிடைத்த எலும்புகளில் கத்தி வெட்டுகள் இருந்தன. 2014இல் ஒரு கப்பலைக் கண்டுபிடித்தார்கள், இனூயிட் வாய்மொழிக் கதைகள் காட்டிய பக்கத்தில். 2016இல் மற்றது, ஓர் இனூயிட் மனிதர் கொடுத்த துப்பில்.

வெள்ளை மௌனம், மனிதரற்ற வெளி என்று எத்தனை கவிதை எழுதிவிட்டார்கள். அங்கே ஆட்கள் இருந்தார்கள், பேசிக்கொண்டும் இருந்தார்கள். கேட்பாரில்லை.

போன் செய்து கேட்டால், "நாங்களே அழைப்போம்" என்கிற அதே பதிவு செய்த குரல்.

பெப்ரவரி 24

நூலகத்திலிருந்து 'சனாக்' நாவல் வந்தது. மித்தியார்ஜுக் நாப்பாலுக் என்ற இனூயிட் பெண் 1950களில் எழுதத் தொடங்கியது. பாதிரியார் ஒருவர் தான் மொழி படிக்கச் சொற்களை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். அவள் சொல்லை எழுதப்போய்க் கதையை எழுதிவிட்டாள். இனூயிட் மொழியில் அச்சானது 1984இல்தான்.

முதல் காட்சியிலேயே சனாக் பாய் செய்யக் கொப்பு பொறுக்கப் போகிறாள், நாயோடு. அவ்வளவுதான். பனிவெளி பரந்து விரிந்தது, பயமுறுத்தியது, ஒரு மண்ணும் இல்லை. கொப்பு, தோல், இறைச்சி, பிள்ளை அழுகிறது, நாயை ஏசுகிறாள். சாவும் வருகிறது. ஆனால் நிலத்தின் மேல் பழி போடவில்லை. வாசித்து முடித்தபோது ஏனோ அம்மா வடலிக்குள் ஓலை பொறுக்கப் போவது ஞாபகம் வந்தது. பனங்காட்டைப் பற்றி அம்மா ஒருநாளும் வர்ணித்ததில்லை.

பெப்ரவரி 25

அக்கா வெறும் சோறும் மோரும். அதுவும் பாதி.

பெப்ரவரி 27

இங்கே எங்கள் ஆட்கள் பனி நிலத்தை ஆறாந்திணை என்கிறார்கள். அழகான பெயர்தான், நானும் மேடையில் கேட்டுக் கைதட்டியிருக்கிறேன். இன்றைக்குத் தோன்றுகிறது, ஆறாவது எதற்கு? தொல்காப்பியர் பாலைக்கு வேனிலோடு நிறுத்தவில்லை, பின்பனியையும் கொடுத்திருக்கிறார். பாலையின் உரிப்பொருள் பிரிவு. குளிருக்கும் பிரிவுக்கும் அங்கேயே இடம் போட்டு வைத்திருக்கிறது.

இதை அக்காவிடம் சொல்லவில்லை. பிரிவு என்ற சொல்லை இந்த வீட்டில் சத்தமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

மார்ச் 2

போன் வந்தது. நாளை எட்டரைக்கு, இரண்டு பேரும் வரட்டாம். ஏன் இரண்டு பேர் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மார்ச் 3

விடிய ஐந்து மணி. மைனஸ் 14. அக்கா எனக்கு முதலே எழும்பிக் கார்க் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள், சத்தம் கேட்கிறது. முன்கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. இங்கே மேசை வரைக்கும் குளிர் வருகிறது. போய்ச் சாத்த